மழைக்கால ஓய்வில் ராடும் ரீலும்: ஏழு வருடப் பராமரிப்பு அனுபவம்

சென்னைக்குத் தெற்கே கோவளம் கரையிலும் முட்டுக்காடு முகத்துவாரத்திலும் கொடுவா, பாரை மீன்களுக்கு லூர் என்னும் செயற்கை இரை போட்டுத் தூண்டில் பிடிக்கிறவன் நான். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் கடல் கொந்தளிக்கும், கழிமுகத்துத் தண்ணீர் கலங்கிவிடும். அப்போது ராடையும் (தூண்டில் கோல்) ரீலையும் (நரம்பு சுற்றும் கருவி) உள்ளே எடுத்து வைத்தால் பொங்கல் கழிந்துதான் மறுபடி கரைக்குப் போவேன். அப்படி ஒரு மூன்று மாத இடைவெளியில்தான் என் முதல் ரீல் போனது. 2015 அக்டோபரில் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துப் பைக்குள் போட்டு வைத்தேன். அந்த வருடம் பெய்த மழையைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் கைப்பிடி அசையவே இல்லை. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே பேரிங்குகள் துருவேறி இறுகிவிட்டன.

காரணத்தை வீட்டு உப்பு ஜாடியிலேயே பார்க்கலாம். மழைக்காலத்தில் உப்பு கசிகிறதல்லவா? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ரீலுக்குள் தங்கிய உப்பும் அப்படித்தான். நாம் கடல் பக்கமே போகாத மாதங்களில் அது உப்புநீராக மாறி வேலை பார்க்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் பராமரிப்பு பெரும்பாலும் பனிக்கால ஓய்வுக்கானது. நமக்கோ ஓய்வுக்காலம்தான் ஈரம் அதிகமான காலம்.

2017-ல் பென் நிறுவனத்தின் பேட்டில் 2 ரீலை, 4000 அளவில் வாங்கினேன். ஏழு வருடமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் அதைப் பிரித்துச் சுத்தம் செய்கிறேன். இன்றும் மிருதுவாக, சத்தமில்லாமல் சுற்றுகிறது.

முதல் விஷயம் தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் வெண்படலம் படிகிறது. அதனால் அழுக்கையும் புழுதியையும் குழாய்த் தண்ணீரில் போக்கிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடிக்கிறேன். அரை லிட்டர் போதும். கழுவும்போது, மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை முழுதாக இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாஷர்களுக்குள் தண்ணீர் இறங்கும். வேகமான பைப்பை நேராகப் பிடிப்பதும் வாளியில் முக்குவதும் கூடாது. இரண்டுமே உப்பை இன்னும் உள்ளே தள்ளும்.

பிரிக்கும்போது எனக்குப் பெரிய உதவி பழைய இட்லித் தட்டுதான். கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு குழியிலும் ஒரு திருகு, அதற்குரிய வாஷர் என்று வைத்துக்கொண்டே போவேன். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துவிடுவேன். காகிதம் போன்ற மெல்லிய ஷிம் வாஷர்கள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு துணியோடு போய்விடும், கவனம். ஒன்று குறைந்தாலும் கியர் ஆட்டம் கொடுக்கும். பழைய கிரீஸை எடுக்க மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் தின்றுவிடும். கியர்களுக்கு மரைன் கிரீஸ், பேரிங்குகளுக்கு ரீல் எண்ணெய் ஒரு சொட்டு. திருகுகளை மாட்டும் முன் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். அலுமினிய உடலில் ஸ்டீல் திருகு இருந்து இடையில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துத் திருகு அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

எண்ணெயில் நான் பட்ட பாடு இரண்டு. ஒரு வருடம் கையில் ரீல் எண்ணெய் இல்லாமல் தேங்காய் எண்ணெய் விட்டேன். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள். மார்கழிக் காலையில் கைப்பிடி கல்லாகக் கனத்தது, அப்புறம் பிசுக்கும் பிடித்தது. இன்னொன்று டபிள்யூடி-40. நீரை விரட்டுவதற்காக உருவான திரவம் அது. அடித்தவுடன் சுகமாகச் சுற்றும், ஆனால் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும்.

கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் கிளட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் கிரீஸ் படவே கூடாது. ஒரு முறை நேரமில்லாமல் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். கிளட்சுக்குள்ளும் கெட்டி கிரீஸை அப்பியிருக்கிறார்கள். உருளைகள் அதில் ஒட்டிக்கொண்டதால், நல்ல பாரை ஒன்று இழுத்த நேரத்தில் கைப்பிடி பின்னால் சுழன்று விரலில் அடித்தது, மீனும் போனது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவி, மெல்லிய எண்ணெய் பெயருக்குத் தொட்டு வைத்தபின் சரியானது.

இந்த வகை ரீல்களில் பெரும்பாலும் முதலில் தேய்வது, நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பிவிடும் லைன் ரோலரின் குட்டி பேரிங். ஈர நரம்பு நேராக ஓடுகிற இடம் அதுதான். 'கீச்' என்று சத்தம் வந்தாலோ நரம்பு ஓடும்போது ரோலர் சுழலாமல் நின்றாலோ மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரெய்டு (பின்னல் நரம்பு) அறுபடும். ஏழு வருடத்தில் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். டிராக்கின் எச்டி-100 கார்பன் வாஷர்கள் மட்டும் அன்று வந்தவையே. டாய்வா நிறுவனத்தின் மேக்சீல்டு வகை ரீல் வைத்திருப்பவர்கள் காந்த எண்ணெய் உள்ள இடத்தை வீட்டில் பிரிக்காதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். அந்த எண்ணெய்ப் படலம்தான் அங்கே நீரைத் தடுக்கிறது.

பிரெய்டை உருவி ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, தலைகீழாக மாற்றிச் சுற்றுகிறேன். அடியில் கிடந்த புது நரம்பு மேலே வந்துவிடும்.

ராடுக்கு இவ்வளவு வேலை இல்லை. சோப்புத் தண்ணீர், நரம்பு ஓடும் வளையங்களான கைடுகளின் கால்களுக்கு டூத் பிரஷ், ரீல் மாட்டும் இடத்து மரைக்கு நல்ல அலசல். கைடு வளையத்துக்குள் காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சுற்றிவிடுங்கள். பஞ்சு இழை சிக்கினால் செராமிக்கில் கீறல் இருக்கிறது, அது பிரெய்டைச் சீவும். ராடின் துண்டுகள் சேரும் இணைப்பில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் பிரிக்கச் சுலபம். மூலையில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வையுங்கள்.

உள்ளே வைக்கும்போது டிராக்கை முழுதாகத் தளர்த்திவிடுவேன், வாஷர்கள் அமுங்கிக் கிடக்கக் கூடாது. ஈரம் பிடிக்கும் நியோப்ரீன் உறையை விட்டுவிட்டேன். சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாதான் இப்போது. மாதம் இரண்டு முறை எடுத்து இருபது சுற்று சுற்றி வைப்பேன். போன தை மாதம் அப்படிச் சுற்றும்போது ரோலரில் லேசாகக் கரகரப்பு கேட்டது. மூன்றாவது பேரிங் வாங்கி அந்த டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன், வருகிற ஐப்பசியில் மாட்ட வேண்டும்.