இம்யூனோதெரபி நடுவில் ஊருக்கு வந்தால்

மெலனோமாவுக்கு (ஒருவகைத் தோல் புற்றுநோய்) பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பவர் ஊர் வந்து போகலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் என்பதை ஆறு வாரத்துக்கு ஒருமுறை 400 ஆக்க முடியுமா என்று புறப்படுமுன் டாக்டரிடம் கேளுங்கள்; குறுகிய விடுமுறையில் ஊசியே குறுக்கிடாது.

ஏற்றியே ஆகவேண்டுமென்றால் டே கேரில் 30 நிமிட வேலை. ஒரு தடவை ஊழியர்கள் சாதாரண டிரிப் செட்டைத்தான் முதலில் எடுத்து வந்தார்கள், 0.2 முதல் 5 மைக்ரானுக்குள் இன்லைன் ஃபில்டர் (டிரிப் குழாயில் வரும் வடிகட்டி) வேண்டும் என்றதும் அது ஸ்டோரிலிருந்து வந்தது. மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. குலுக்கவும் கூடாது, புரதம் திரிந்துவிடும்.

சிக்கலெல்லாம் கேஷுவாலிட்டியில்தான். கேன்சர் என்றதும் கீமோ என்றே எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் இது கீமோ அல்ல: டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களை அடக்கிவைக்கும் பிடி-1 என்ற பிரேக்கை எடுத்துவிடுகிறது. அவிழ்த்துவிட்ட செல்கள் குடல், தைராய்டு, ஈரல், நுரையீரல் எதையும் தாக்கலாம், கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும்கூட. வழக்கத்தைவிட நாளைக்கு நாலு தடவை கூடுதலாக வயிற்றாலை போனால், ‘பயணத்தில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஆன்டிபயாட்டிக்கும் பேதியை நிறுத்தும் லோபிரமைடும் தந்து அனுப்பிவிடுவது ஆபத்து. குடல் அழற்சி உள்ளே முற்றும். மலப் பரிசோதனையோடு கேன்சர் டாக்டருக்கு அன்றே போன் போகவேண்டும். அழற்சியை அடக்க ஸ்டீராய்டு தொடங்கினால் உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 1 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் அளவில் தொடங்கி, குறைந்தது நாலு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐந்து நாள் சீட்டு போதாது, திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று எளிதில் தவறும். அசதி, தலைவலி, குறைந்த பிரஷர், குறைந்த சோடியம்: இது ஹார்மோன் சுரப்பிகள் தாக்கப்பட்டதாலும் இருக்கலாம். ஜெட் லாக் என்று விடாமல், ஸ்டீராய்டு தருமுன் ரத்தம் எடுத்து கார்ட்டிசோல் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு), டிஎஸ்எச், எஃப்டி4 (தைராய்டு சோதனைகள்) பாருங்கள். ஆனால் ஆள் துவண்டு கிடந்தால் ரிசல்ட்டுக்காகக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்க வேண்டும். கார்ட்டிசோல், தைராய்டு இரண்டுமே குறைவென்றாலும் ஹைட்ரோகார்ட்டிசோன்தான் முதலில். தைராய்டு மாத்திரையான தைராக்சினை முந்தவிட்டால் நிலைமை மோசமாகும்.

‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ மூலிகை மாத்திரைகளை உறவினர்கள் அன்போடு நீட்டுவார்கள். வேண்டாம். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறினால் காரணம் மருந்தா மூலிகையா என்று பிரிக்கவே முடியாது.

கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களை எடுத்து வளர்த்து ஏற்றும் டில் சிகிச்சையையும் (லிஃபிலியூசெல், அமெரிக்க அனுமதி 2024) விடுமுறையில் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். லேபில் வளர்க்கவே மூன்று வாரமளவு. பிறகு கடுமையான கீமோ, செல் ஏற்றம், அந்தச் செல்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2 மருந்து, ஆஸ்பத்திரி வாசம். விடுமுறைக்குள் அடங்காது.

திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பேட்ச் நம்பர், டோஸ் தேதி, ஸ்டீராய்டு குறைப்பு அட்டவணை மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அட்டவணை பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிடுகிறது.