இலவச நிலமா, ரயில்வே நிலமா? 1870களின் நெப்ராஸ்கா கணக்கு

மேற்கே வண்டி கட்டிய அமெரிக்கக் குடும்பங்கள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, குடியேறுவோருக்கு அரசு நிலத்தைச் சும்மா கொடுத்த 1862ஆம் வருட ஹோம்ஸ்டெட் சட்டம்தான். 160 ஏக்கர், கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு போய் நின்றால் பட்டா. ஆனால் 1870களில் நெப்ராஸ்காவிலோ கன்சாஸிலோ வந்து இறங்கியவருக்கு, ரயில்வே கம்பெனியிடம் கடனுக்கு நிலம் வாங்கும் வழியும் இருந்தது. சும்மா கிடைக்கும்போது எவனாவது காசு கொடுப்பானா? கொடுத்தார்கள். காரணமும் இருந்தது.

ரயில் பாதை போடக் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த மானியம் நிலம். பாதையின் இரு பக்கமும் நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று ரயில்வேக்குக் கொடுத்தார்கள். மீதிக் கட்டங்கள் அரசிடமே இருந்தன. சிக்கல் அங்கேதான். மானிய எல்லைக்குள் இருந்த அரசு நிலத்தில், 1879 வரை, சாதாரண ஹோம்ஸ்டெட்காரருக்கு 160 இல்லை, 80 ஏக்கர்தான். முழு 160 வேண்டுமென்றால் பாதையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிப் போக வேண்டும். அங்கே விளைந்த கோதுமையை மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும் செலவை யாரும் 18 டாலரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

நிலம் இலவசம், மற்றதெல்லாம் காசு. மாடு, கலப்பை, விதை, கிணறு, முதல் அறுவடை வரை சாப்பாடு. மரமே இல்லாத புல்வெளியில் வீடு கட்டுவதற்கு மண்ணைத்தான் வெட்ட வேண்டும். புல்வேர் பின்னிக் கிடக்கும் மேல்மண்ணைக் கலப்பையால் ஓர் அடி அகலத்துக்குப் பட்டையாகக் கிழித்து, துண்டு போட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினார்கள். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. மழை வந்தால் மட்டும் கூரை சேறாக ஒழுகும். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே நிற்காது.

ரயில்வே பக்கம் பார்த்தால், பர்லிங்டன் கம்பெனி 1872இல் ஒட்டிய விளம்பரத்தில் பத்து வருடக் கடன், 6 சதவீத வட்டி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏக்கர் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் 160 ஏக்கருக்கு 800 டாலர். முதல் வருட வட்டி மட்டும் 48. நல்ல வருடத்தில் தாங்கும். 1874 போல வெட்டுக்கிளி வந்து வயலை மொட்டையாக்கினால்? கடனுக்கு வாங்கியவன் தவணைப் பணத்தைத் தேட வேண்டும். ஹோம்ஸ்டெட்காரனுக்கும் பட்டினிதான், ஆனால் நிலத்தின் மேல் கடன் இல்லை. பூச்சியால் அழிந்தவர்கள் உரிமை போகாமல் கொஞ்ச காலம் வெளியூர் போய்ப் பிழைக்கவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இடம் கொடுத்தது.

அதே 1874இல்தான் ரஷ்யாவிலிருந்து வந்த மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் கன்சாஸில் சான்டா ஃபே ரயில்வேயிடம் மொத்தமாக நிலம் வாங்கின. கையில் பணம் இருந்தது, உறவும் சபையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. இலவச நிலம் இதைத் தராது. யார் முதலில் பதிந்தாரோ அவர்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. 1841 சட்டப்படி குடியேறி ஏக்கர் 1.25 டாலருக்கு வாங்கலாம், ரயில்வே எல்லைக்குள் 2.50. 1873 சட்டப்படி மரம் வளர்த்து 160 ஏக்கர் கேட்கலாம். அந்த வறட்சிப் பூமியில் எட்டு வருடம் மரத்தைக் காப்பாற்றுவது யாருக்கும் சுலபமில்லை. நிலத் தரகர்கள்தான் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இந்த நிலமெல்லாம் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1869இல், எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் அப்பா சார்லஸ் இங்கல்ஸின் குடும்பம் கன்சாஸில் வீடு கட்டியது ஓசேஜ் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில். பட்டா இல்லாமலே கிளம்ப வேண்டியதாயிற்று. பிறகு டகோட்டாவில் ஹோம்ஸ்டெட் பதிந்து, 1886இல்தான் நிலம் அவர் பெயருக்கு வந்தது.

என்னைக் கேட்டால், கையில் நூறு இருநூறு டாலரும் உழைக்க வளர்ந்த பிள்ளைகளும் இருந்தால் ஹோம்ஸ்டெட், ஸ்டேஷன் பக்கம் 80 ஏக்கரே கிடைத்தாலும் சரி. உள்ளே தள்ளி இருக்கும் 160ஐவிட அது மேல். ஆயிரம் டாலருக்கு மேல் இருந்து, நாலைந்து குடும்பமாகப் போனால் ரயில்வே நிலம். கையில் ஒன்றுமே இல்லை என்றால், முதலில் ஒரு வருடம் ரயில் பாதை வேலைக்குப் போய்க் கூலி சேர்த்துக்கொண்டு, அப்புறம் நிலம் தேடுவதுதான் சரி.