டல்லாஸ் – ஹூஸ்டன் சவுத்வெஸ்ட் விமானம்: ஐந்துக்கு நான்கு

டல்லாஸின் லவ் ஃபீல்ட் விமான நிலையத்திலிருந்து ஹூஸ்டனின் ஹாபி விமான நிலையத்துக்குப் போகும் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் சேவைக்கு நான் ஐந்துக்கு நான்கு தருவேன். என் அக்கா ஹூஸ்டனை ஒட்டிய பேர்லாண்டில், மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். காரில் போனால் நாலு மணி நேரம். விமானம் ஏறினால் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. லவ் ஃபீல்ட் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஹாபியில் இறங்கினால் அக்கா வீடு பக்கம். ஒரு நாளைக்குப் பல விமானங்கள். வாரயிறுதியிலும் பணியாளர்கள் சிரித்த முகத்தோடு இருக்கிறார்கள். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட்டும் மலிவு.

அந்த மலிவைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டும். 1971 ஜூனில் சவுத்வெஸ்ட் பறக்க ஆரம்பித்ததே டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று ஊர்களுக்கு நடுவில்தான். டிக்கெட் 20 டாலர். டெக்சாஸ் எல்லையைத் தாண்டாததால் வாஷிங்டனில் இருந்த சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற மத்திய அரசு அமைப்பின் பிடியில் அது சிக்கவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் பறந்த நிறுவனங்களுக்கோ எந்த ஊருக்குப் போகலாம், எவ்வளவு வாங்கலாம் என்று எல்லாவற்றுக்கும் போர்டின் அனுமதி வேண்டும். ஏறக்குறைய அதே தூரத்துக்கு அவர்கள் கட்டணம் மிக அதிகம்.

1977-ல் அதிபர் கார்ட்டர் அந்தப் போர்டுக்குத் தலைவராகப் போட்டவர் ஆல்ஃபிரெட் கான். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர். அதற்கு முன் நியூயார்க் மாநிலத்தில் மின்சார, தொலைபேசிக் கட்டணங்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர். வந்த கையோடு, அலுவலகக் கடிதங்களைச் சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். பிறகு கட்டணத் தள்ளுபடிகளுக்கும் புதிய தடங்களுக்கும் வழிவிட்டார். 1978 அக்டோபர் 24 அன்று விமானத் துறைக் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் கையெழுத்தானது. 1984 முடிவில் போர்டே கலைக்கப்பட்டது. கையிலிருக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? இவர் தன் நாற்காலியே வேண்டாம் என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார். அதே சமயம், பாதுகாப்பு விதிகளில் யாரும் கைவைக்கவில்லை, அது விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்.ஏ.ஏ. என்ற அரசு அமைப்பிடமே இருந்தது. கட்டணக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததற்காகவே அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

அவர் காலத்து ஏற்பாடு ஒன்றை இன்றும் விமானம் ஏறும் கேட்டில் பார்க்கலாம். இருக்கைகளுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டால் முன்பெல்லாம் யாரை இறக்கிவிடுவது என்பது நிறுவனத்தின் இஷ்டம். ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர், பணம் கொடுத்து விருப்பமுள்ளவர்களை இறங்கச் சொல்லலாமே என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார். 1978-ல் கானின் போர்டு அதை விதியாக்கியது. போன தீபாவளி சமயம் வேறொரு நிறுவனத்தின் கேட்டில் அப்படி அழைத்தபோது, ஒரு கல்லூரி மாணவன் துள்ளிக் குதித்துப் போய் வவுச்சரை வாங்கிக்கொண்டான். அவசரமாகப் போக வேண்டிய ஒரு குடும்பத்துக்கு இடம் கிடைத்தது.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் பெட்டி. சவுத்வெஸ்டில் இரண்டு பெட்டி இலவசம் என்பது பல வருட வழக்கம். 2025 மே 28 முதல் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு அது போயிற்று. முதல் பெட்டிக்கு 35 டாலர் என்று தொடங்கினார்கள். ஊறுகாயும் இட்லி மாவும் கைப்பையில் போகாது, பாதுகாப்புச் சோதனையிலேயே நின்றுவிடும். அதனால் இப்போது முறுக்கும் பருப்புப்பொடியும் மட்டும்தான் எடுத்துப் போகிறேன். போட்டி இருக்கும் வரைதான் பயணிக்கு மதிப்பு. 1980-களில் விமான நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்க அரசு அனுமதித்ததைக் கானே கண்டித்தார். இன்று உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பங்கு நான்கே நிறுவனங்களிடம் இருக்கிறது.

டிக்கெட் எடுக்கும்போது பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வரிகளை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது 2012 முதல் போக்குவரத்துத் துறை விதி. பெட்டிக்கு அந்த விதி கிடையாது. பயணத்துக்கு ஏழு நாளாவது இருந்தால், நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கலாம். கோடையில் காலை விமானமே நல்லது. மதியத்துக்கு மேல் ஹூஸ்டனில் இடிமழை பிடித்தால் எல்லாமே தாமதமாகும்.