காபி பே டூருக்குப் பணம் கட்டும் முன் டர்பன் தமிழர்கள் இதைப் படிக்கவும்

டிசம்பர் விடுமுறைக்கு, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் கடலோரத்தில் இருக்கும் காபி பே, ஹோல் இன் த வால் எல்லாம் கூட்டிப் போகிறோம் என்று ஒரு விளம்பரம் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. கடலுக்குள் ஓட்டை விழுந்த பாறை, பச்சை மேட்டில் வட்டக் குடிசை, கீழே ‘சைவ உணவு உத்தரவாதம்’ என்று ஒரு வரி. எங்கள் தமிழ் வகுப்புக் குடும்பங்கள் புரட்டாசியில், ஹெரிடேஜ் டே விடுமுறையை ஒட்டி, இந்த விளம்பரத்தைப் போட்ட அதே ஆளிடம்தான் பணம் கட்டிப் போனோம். தலைக்கு 3,800 ராண்ட். முழுத் தொகையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காலையில் டர்பனில் கிளம்பினால் மதியச் சாப்பாடு காபி பேயில் என்று திட்டத்தில் எழுதியிருந்தார். என்-2 சாலையில் கோக்ஸ்டட், மவுண்ட் ஃப்ரியர், கும்பு என்று ஒவ்வொரு ஊர் நெரிசலையும் தாண்டி உம்தாத்தா போய்ச் சேரவே ஆறு மணி நேரம் பிடிக்கும். அதற்கப்புறம் வியட்ஜஸ்வில்லில் கடல் பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து குண்டும் குழியுமான சாலை. மாடு, ஆடு, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் அதே சாலையில்தான். பொழுது சாய்ந்த பிறகு அங்கே வண்டி ஓட்டக்கூடாது என்று உள்ளூர்க்காரர்களே சொல்கிறார்கள். எங்கள் கோம்பி (சிறிய வேன்) கிளம்பியதே தாமதம். ஓட்டுநர் பாவம், அந்தப் பக்கம் வந்ததே இல்லையாம். கும்மிருட்டில், ஒரு டயர் வெடித்து, குழந்தைகள் அழ அழப் போய்ச் சேர்ந்தோம்.

விடுதியில் எங்களுக்கு இரண்டே குடிசைகள்தான் பதிவாகியிருந்தன. அதற்கும் முன்பணம் மட்டுமே வந்திருந்தது. எங்களோடு வந்த மாமா ஒருவருக்கு ஜூலு சரளமாக வரும். அந்தப் பக்கத்து மொழியான கோசா பேசுகிறவர்களுக்கு அது புரியும் என்பதால் விடுதி நடத்தும் அம்மாவிடம் அவர்தான் பேசினார். மீதிப் பணத்தை அந்த ஆள் அனுப்பவே இல்லை, சைவச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அந்த அம்மா போனில் இருந்த செய்திகளைக் காட்டினார். அடுப்பில் இருந்தது கோழிக்கறி. புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாத எண்பது வயது ஆயா எங்களோடு இருந்தார். அந்த நேரத்தில் சாம்ப்பும் (உடைத்த மக்காச்சோளம்) பீன்ஸும் தனிப் பானையில் வேகவைத்து, உப்பும் வெங்காயமும் மட்டும் போட்டுக் கொடுத்தது அந்த அம்மாதான். “எனக்கு இது போதும்பா, நீங்க சண்டை போடாதீங்க” என்றார் ஆயா. அந்த ஊர்க்காரர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பணம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. அவர்களும் எங்களைப் போலவே ஏமாற்றப்பட்டவர்கள்.

மறுநாள் ஹோல் இன் த வால். ம்பாக்கோ ஆறு கடலில் சேரும் இடத்தில் அந்தப் பெரும்பாறை தனியாக நிற்கிறது. அலை ஓட்டைக்குள் புகுந்து வெளியே வரும்போது எழும் சத்தம் எதிர்மேட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் நெஞ்சில் அதிர்ந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதைப் பார்க்க ‘கடற்கரை அனுமதிக் கட்டணம்’ என்று தலைக்கு 150 ராண்ட் தனியாக வாங்கியிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த உள்ளூர் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டோம். அப்படி ஒரு அனுமதிச் சீட்டே கிடையாது என்றார். இந்த நாட்டில் கடற்கரை பொதுச் சொத்து. 2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடற்கரை மேலாண்மைச் சட்டப்படி, அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் அங்கே நுழைவதற்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது.

அரை நாளில் வாட்டர்ஃபால் பிளஃப் அருவி என்று திட்டத்தில் போட்டிருந்தார். அது போர்ட் செயின்ட் ஜான்ஸையும் தாண்டி, லுசிகிசிகி பக்கத்தில் இருக்கிறது. காபி பேயிலிருந்து கடலோரமாக நேர்ச்சாலை கிடையாது. திரும்ப உம்தாத்தா வரை ஏறி, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதன் பிறகும் ம்போட்டி என்ற கடலோர ஊரிலிருந்து நீண்ட நடை. வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்த எவரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். அருவியின் படம் அழகாக இருந்ததால் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. ‘மண்டேலா சமாதியில் மலரஞ்சலி’ என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஆயா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அந்த ஒரு வரிக்காகத்தான். எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில், 1994 ஏப்ரல் 27 அன்று வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர் அவர். ஒரு பையில் சாமந்தி கட்டி எடுத்து வந்திருந்தார். மண்டேலா சிறுவயதில் வளர்ந்த கூனுவில் அவரை அடக்கம் செய்த இடம் குடும்பத்தின் சொந்த நிலத்துக்குள் இருக்கிறது, பொதுமக்களுக்குத் திறந்தது இல்லை. வாயிற்காவலர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆயா ஒன்றும் பேசவில்லை. ஒரு முதியவரின் ஆசையை வைத்து 3,800 ராண்ட் சம்பாதிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! கூனுவில் உண்மையிலேயே பார்க்கக்கூடியது மண்டேலா அருங்காட்சியகத்தின் இளைஞர் மற்றும் மரபு மையம். சிறுவயதில் அவர் சறுக்கி விளையாடிய பாறையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. திட்டத்தில் இந்த இரண்டுமே இல்லை. மாமாதான் விசாரித்து எங்களை அங்கே கூட்டிப் போனார்.

திரும்பி வந்து பணம் கேட்டதும், வானிலை சரியில்லை, ரீஃபண்ட் கிடையாது என்று பதில் வந்தது. அந்த நாட்களில் ஒரு சொட்டு மழை இல்லை. ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று அவர் எழுதிக்கொடுத்தால் அது சட்டமாகிவிடாது. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவைப் பாருங்கள். முன்பதிவை ஏற்றுக்கொண்டு, பிறகு இடம் இல்லை என்று கைவிட்டால், பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், அதனால் நமக்கு நேரடியாக ஏற்பட்ட செலவையும் ஈடுகட்ட வேண்டும். நாமே ரத்து செய்தாலும் 17ஆம் பிரிவுப்படி நியாயமான ஒரு தொகையைத்தான் பிடித்துக்கொள்ளலாம். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அதுவும் பிடிக்கக் கூடாது. இதையெல்லாம் எடுத்துக்காட்டி எழுதியபோது, அவரைப் பற்றி நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியை நீக்கினால் பாதிப் பணம் தருகிறேன் என்றார். நாங்கள் நீக்கவில்லை. நுகர்வோர் ஒம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

டிசம்பர் பயணத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தங்குமிடத்தின் பெயரை அவரிடம் கேட்டு வாங்கி, இன்றைக்கே நீங்களே போன் போட்டு, உங்கள் பெயரில் எத்தனை குடிசை பதிவாகியிருக்கிறது, எவ்வளவு பணம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். பெயரைச் சொல்ல மறுத்தால் மீதித் தொகையைக் கட்டாதீர்கள். வழிகாட்டி மாகாணப் பதிவாளரிடம் பதிவு செய்தவரா, ஓட்டுநரிடம் பயணிகளை ஏற்றும் தொழில்முறை உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கார்டில் கட்டியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற வங்கியிடம் கேட்கலாம். இ.எஃப்.டி. (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றம்) அனுப்பியவர்களுக்கு அது கடினம், அதனால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் அவற்றை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் நம் எல்லாப் புகார்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.