வெட்டிவேரில் இரண்டு வி: நான்கு வருடச் சொல்தேடி அனுபவம்

2022 தொடக்கத்தில் திருப்பூரில் எங்கள் ஆபீஸில் பாதிப்பேர் காலையில் வந்து உட்கார்ந்ததும் போனில் பச்சை, மஞ்சள் கட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோஷ் வார்டில் 2021 அக்டோபரில் வெளியிட்ட வேர்டில் விளையாட்டு. ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நான் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க பையர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அடிப்பதுதான் வேலை. ஆனால் ஷேட், சாம்பிள், ஷிப்மென்ட், அப்ரூவல் என்று அதே நூறு சொல்லுக்குள் சுற்றிக்கொண்டிருந்தவள். ஊத்துக்குளியில் பேசஞ்சர் ஏறினால் திருப்பூர் வருவதற்குள் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடும். அப்படித்தான் சொல்தேடிகளிடம் போனேன்.

முதலில் வைத்திருந்தது ஓர் இலவச ஆப். கையில் இருக்கும் எழுத்துகளைக் கொடுத்தால் என்னென்ன சொல் வரும் என்று கொட்டும். இரண்டு தேடலுக்கு ஒரு விளம்பரம். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு: எந்த அகராதியை வைத்துச் சொல்கிறது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.

அதன் விலை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. வீட்டில் ஸ்கிராபிள் பலகை உண்டு. கையில் ஏழு ஆங்கில எழுத்துக் கட்டைகளை வைத்துக்கொண்டு, பலகையில் சொல்லாக அடுக்கிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. என் அப்பா ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார், காங்கேயம் மாடு வளர்ப்பவர். அன்று ஸெட், ஓ என்று இரண்டே எழுத்தை வைத்தார், 11 புள்ளி. மகள் ஆப்பில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் அப்புச்சி, இப்பிடி ஒரு சொல்லே இல்லீங்ளே" என்றாள். "மாட்டப் பத்தி என்றகிட்டயே சொல்றியா கண்ணு? யாக்கும் பசுவும் சேந்து பொறக்கற கலப்பு மாட்டுக்கு அதான் பேரு." ஆப் சொன்னதை நம்பி அந்த 11 புள்ளியை அழித்தோம். அப்புறம்தான் விவரம் புரிந்தது. அமெரிக்கா, கனடாவில் ஸ்கிராபிளை விற்பது ஹாஸ்ப்ரோ, மற்ற நாடுகளில் மேட்டல். செல்லுபடியாகும் சொற்களின் பட்டியலும் ஒன்றல்ல. நம் பக்கம் காலின்ஸ் என்ற ஆங்கில அகராதியின் பட்டியல். அந்தக் கலப்பு மாடு காலின்ஸில் இருக்கிறது, அமெரிக்கப் பட்டியலில் இல்லை. நீங்கள் எந்தச் சொல்தேடியை எடுத்தாலும் முதலில் செட்டிங்ஸில் அகராதியை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை வைத்துப் பஞ்சாயத்து பண்ணாதீர்கள், நல்ல விளையாட்டு கெட்டுவிடும்.

அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். மூன்று வருடமாக என்னிடம் நிலைத்திருப்பது ஒன்லுக் என்ற தேடல் தளம். பல அகராதிகளில் ஒரே நேரத்தில் தேடும். தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்தானாலும் பரவாயில்லை என்றால் நட்சத்திரக்குறி. இரண்டாவது ஆர், கடைசி இ என்று வேர்டிலில் தெரிந்துவிட்டதா? கேள்விக்குறி, ஆர், கேள்விக்குறி, கேள்விக்குறி, இ. அதன் பின்னால் கழித்தல் குறி போட்டு எஸ், டி என்று சேர்த்தால் அந்த எழுத்துகள் உள்ள சொற்களை விலக்கிவிடும். இரண்டு சாய்கோடு போட்டு எழுத்துகளைக் கொடுத்தால் கலைந்து கிடப்பதை மாற்றி அடுக்கித் தரும். எனக்கு மிகவும் பிடித்தது முக்காற்புள்ளி. அதன் பிறகு ஒரு பொருளைச் சொன்னால், எழுத்தும் பொருந்தி அந்தப் பொருளுக்குப் பக்கத்திலும் வருகிற சொற்களைக் காட்டும். சொல்லைத் தொட்டால் அர்த்தம் வந்துவிடும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடர் எல்லாம் கலந்து வரும். அகராதித் தேடல் அப்படித்தான் இருக்கும். ஸ்கிராபிளில் செல்லுமா என்பதைக் காலின்ஸில் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டு விதி இது: ஆட்டம் நடக்கும்போது போன் அடுப்படி மேடையில் இருக்கும். முடிந்ததும் எடுத்து, ஒவ்வொருவரும் மாட்டிக்கொண்ட எழுத்துகளைத் தேடுவோம். ஆளுக்கு ஒரு சொல், அர்த்தத்தோடு நோட்டில் ஏறும். நடுவில் தேடிய காலத்தில் ஜெயித்த சொல் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

கியூ வந்தால் யூ வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஆட்டம் தோற்றிருப்பேன். ஸ்கிராபிளில் மொத்தமே ஒரே ஒரு கியூ, நான்கே யூ. தேடிப் பார்த்தால் ஃபக்கீர், நிகாப், தலாக் எல்லாம் ஆங்கிலத்தில் கியூ போட்டு, யூ இல்லாமலே எழுதுகிற சொற்கள். தினமும் காதில் விழுபவை, பலகையில் வைக்கத் தோன்றியதே இல்லை.

வி இன்னும் மோசம். வி உள்ள ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு நாள் மகளிடம் மொத்தமுள்ள இரண்டு வியும் வந்து சேர்ந்தன. கூடவே இரண்டு இ, டி, ஐ, ஆர். முகம் வாடி, எழுத்துகளைத் திரும்பப் போட்டு ஒரு முறையை விட்டுக்கொடுத்தாள். ஆட்டம் முடிந்து சாய்கோடு போட்டுத் தேடினோம். வந்த சொல் வெட்டிவேர். தமிழிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஏழெழுத்தையும் ஒன்றாக இறக்கினால் 50 கூடுதல், ஏழெழுத்துக்கும் சேர்த்து 13, ஆக 63. அவள் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானைக்குள் கிடந்த வெட்டிவேர் முடிச்சை எடுத்து வந்து பலகை மேல் வைத்தாள். "இத்தன நாளா குடிக்கிறோம், தெரியலையேம்மா."

அன்றிலிருந்து நோட்டில் தனிப் பக்கம். கட்டுமரம், கஞ்சி, மிளகுத்தண்ணி என்று தமிழிலிருந்து போன ஆங்கிலச் சொற்கள். சுருட்டும் உண்டு, ஆங்கிலத்தில் செரூட், அதுவும் சரியாக ஏழெழுத்து. போன ஞாயிறு அப்பா கையில் சி, ஹெச், இ, ஆர், ஓ, ஓ வரை வந்துவிட்டது. டி வரட்டும் என்று மூன்று முறை காத்திருந்தார். கடைசி டியை நான் எடுத்துவிட்டேன்.