மேளம் மாற்றாத ஹெண்ட்ரிக்ஸ்

கேசட் காலத்தில் மயிலாடுதுறையில் பதிவுக்கடை வைத்திருந்தவன் நான். வாடிக்கையாளர்கள் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள்; அறுபது நிமிடத்தில் அடங்குகிற வரை பதிந்து கொடுப்பேன். 1988-ல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘கிராஷ் லேண்டிங்’ கேசட்டைக் கொடுத்து நகல் கேட்டார். அவருக்கு ஒன்று போட்டேன், எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். அதன்பின் பத்து வருடம் எனக்கு ஹெண்ட்ரிக்ஸ் என்றால் அந்தக் கேசட்தான். குறிப்பாக அதன் மேளம். கடையின் ஷட்டரை இறக்கும்போதுகூட விரல்கள் அந்த நடையைத் தகரத்தில் தட்டும்.

அந்த மேளத்தை ஹெண்ட்ரிக்ஸ் காதால் கேட்டதே இல்லை என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அவர் லண்டனில் இறந்தது 1970 செப்டம்பர் 18, வயது 27. ‘கிராஷ் லேண்டிங்’ வெளிவந்தது 1975-ல். அவர் விட்டுப்போன பதிவுகளிலிருந்து, கூட வாசித்தவர்களின் டிரம்ஸையும் பேஸ் கிதாரையும் பெரும்பாலும் எடுத்துவிட்டு, சம்பளத்துக்கு வாசிக்கும் ஸ்டுடியோக் கலைஞர்களை அமர்த்திப் புதிதாகப் பதிந்திருந்தார்கள். சில பாட்டுகளை இயற்றியவர்கள் வரிசையில் தயாரிப்பாளரின் பெயரும் ஏறிக்கொண்டது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது ஐந்தாம் இடம் வரை போனது. செத்தவர் எழுந்து வந்தா கேட்கப்போகிறார்?

அதனால்தான் ஹெண்ட்ரிக்ஸ் பெயரில் புதிதாக எது வந்தாலும் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பேன். யார் வாசித்தது, எந்த வருடம் பதிந்தது என்று பார்த்த பிறகுதான் பணம். ‘சாங்ஸ் ஃபார் குரூவி சில்ட்ரன்’ என்ற ஐந்து சிடி பெட்டியை அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். வெளிவந்தது 2019-ல்; எனக்குத் துணிவு வரச் சில வருடங்கள் ஆயின. ஆறாயிரத்துக்கு மேல் போயிற்று. ஐப்பசி அடைமழையில் ஒரு மூலை நசுங்கி, ஓரம் ஊறிப் போய் வந்து சேர்ந்தது. வட்டுகளுக்குச் சேதமில்லை. அட்டையை விசிறிக்கு அடியில் இரண்டு நாள் காய வைத்தேன்.

உள்ளே இருப்பது 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இரண்டு இரவுகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நடந்த நான்கு கச்சேரிகள். டிரம்ஸ் வாசித்தவர் படி (Buddy) மைல்ஸ். பேஸ் கிதார் பில்லி காக்ஸ். ஹெண்ட்ரிக்ஸ் ராணுவத்தில் இருந்தபோதே பழக்கமானவர். இந்த இரவுகளிலிருந்து ஆறே பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து, அவர் உயிரோடிருந்தபோதே ‘பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்’ என்று ஓர் இசைத்தட்டு வந்தது. அதுகூட பழைய ஒப்பந்த வழக்கு ஒன்றைத் தீர்ப்பதற்காகக் கொடுத்தது. மீதியெல்லாம் பல வருடம் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. இப்போது கச்சேரி நடந்த வரிசையிலேயே கேட்கலாம். ஹெண்ட்ரிக்ஸிடம் ஆரம்பத்திலிருந்தே ஒலிப்பதிவாளராக இருந்த எடி கிராமர்தான் ஒலிக்கலவை செய்திருக்கிறார். புதிதாக யாரையும் கூப்பிட்டு வாசிக்க வைக்கவில்லை.

‘மெஷின் கன்’ நான்கு கச்சேரிகளிலும் வருகிறது. ஒரே பாட்டை நான்கு தடவை விற்கிறார்களே என்று அக்காள் மகன் சிரித்தான். அவனுக்கு எல்லாமே போனில் கிடைக்கிறது, “பெட்டி எதற்கு மாமா?” என்பான். நான்கையும் ஒரே மாலையில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். துணைக்கு எதிர்வீட்டுத் தவில்காரரையும் கூப்பிட்டேன். எழுபத்தாறு வயது. இங்கிலீஷ் பாட்டு என்றால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

முதல் தடவை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது காதிலேயே தெரிகிறது. மூன்றாவது தடவை, அதாவது ஜனவரி முதல் தேதியின் முதல் கச்சேரியில், பாட்டு பழுத்துவிட்டது. பழைய இசைத்தட்டில் இருப்பதும் இதுதான். துப்பாக்கி வெடிப்பதைப் போல டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து படபடவென்று அடித்து நிற்கின்றன. அதற்குமேல் ஒற்றை ஸ்வரம் ஒன்று எழுந்து, நீண்டுகொண்டே போகிறது. தவில்காரர் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டார். “தம்பி, அந்த மேளக்காரர் கணக்கு ஒன்றும் காட்டவில்லை, கவனித்தீர்களா? நடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்படி நிற்கத்தான் கை வலிக்கும்” என்றார். படி மைல்ஸைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மைல்ஸ் பாட வரும் இடங்களில் கொஞ்சம் இழுவை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஹெண்ட்ரிக்ஸ் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கிறார். கிதாரில் சுருதியை ஏற்றி இறக்கும் அந்தக் கம்பிப் பிடியை அவர் வளைக்கிற வளைப்பில் தந்திகள் எப்படிச் சுருதியில் நிற்கும்? அக்காள் மகனுக்கு அதெல்லாம் வெட்டித் தள்ள வேண்டிய இடம். எனக்கோ, தவில்காரருக்கோ, அந்த இடத்தில்தான் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர் திருவாவடுதுறை. நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்ததை நேரில் கேட்டவர்கள் சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்தோம். கையில் இருப்பதோ பக்கத்துக்குச் சில நிமிடங்கள் ஓடும் இசைத்தட்டு. அவருடைய ஒரு முழு இரவு, சீவாளியை நனைத்துச் சரிசெய்கிற சத்தத்தோடு எங்காவது நாடாவில் கிடக்கிறதென்றால், மாட்டை விற்றாவது வாங்குவேன்.

இதைச் சொன்னதும் ஹெண்ட்ரிக்ஸ் பெயரில் வருவதையெல்லாம் வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1995-ல் உரிமை அவருடைய தந்தையின் கைக்குத் திரும்பிய பிறகு வேலை சுத்தமானது உண்மை. ஆனாலும் 2010-ல் வந்த ‘வேலீஸ் ஆஃப் நெப்டியூன்’ தொகுப்பின் சில பாட்டுகளில், அவருடைய பழைய கூட்டாளிகளே 1987-ல் புதிதாக வாசித்துச் சேர்த்த பகுதிகள் இருக்கின்றன. ரசிகர்களில் ஒரு சாரார் அதை மன்னிக்கிறார்கள், கூட்டாளிகள்தானே என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முற்றுப்பெறாத ஸ்டுடியோப் பாட்டுகள் வேண்டுமானால் 1997-ல் வந்த ‘ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் த நியூ ரைசிங் சன்’ ஒன்று போதும். அதன் பிறகு ஒத்திகைத் துணுக்குகளைப் பெயர் மாற்றி, அட்டை மாற்றி விற்பதற்கெல்லாம் என்னிடம் காசில்லை.

எல்பி வடிவத்தில் எட்டுத் தட்டுகளாகவும் இந்தப் பெட்டி உண்டு. எங்கள் பக்கத்து ஈரத்தில் அட்டைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், சிடி போதும்.

அந்தக் காலத்தில் என்னிடம் ‘கிராஷ் லேண்டிங்’ நகல் வாங்கிப்போன பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர் இன்னும் கும்பகோணத்தில் இருக்கிறார். மனது கேட்காமல் போன வாரம் போன் செய்து, அதில் மேளம் வாசித்தது வேறு ஆட்கள் என்று ஒப்புக்கொண்டேன். வேண்டுமானால் இந்தப் பெட்டியைக் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கொண்டு வாருங்கள், கேட்போம். ஆனால் அந்தக் கேசட் அறுந்துபோயிற்று. இன்னொரு நகல் போட முடியுமா?” என்றார்.