எஸ்24 அல்ட்ரா: கேமராவை விடுங்கள், அந்தக் கண்ணாடியைப் பாருங்கள்

பெரிய திரை போன் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த நிமிடமே கேமரா எத்தனை மெகாபிக்சல், பிராசசர் எது என்றுதான் பேச்சு போகிறது. சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவைப் பொறுத்தவரை எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது அதன் முன்பக்கக் கண்ணாடியைப் பற்றித்தான். 6.8 அங்குலத் திரை, அதன்மேல் கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா ஆர்மர் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பை இது 75 சதவீதம் வரை குறைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. இந்த எண்ணையெல்லாம் நம்பச் சொல்லவில்லை, கடையில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: இந்த போனையும் பக்கத்தில் உள்ள வேறொரு போனையும் திரையை அணைத்துவிட்டு டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். மற்றதில் டியூப்லைட் அப்படியே வெள்ளைக் கோடாக நிற்கும், இதில் மங்கிப்போன ஒரு தடம் மட்டும் தெரியும்.

நம் ஊர் வெயிலுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது வெளியே போனால்தான் புரியும். மதியம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு மேப்பைப் பார்க்க, காய்கறிக் கடையில் யூபிஐயில் பணம் போட, கையைக் குடையாகப் பிடித்து நிழல் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளிச்சம் 2600 நிட்ஸ் வரை ஏறும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், அதுவும் கைகொடுக்கிறது. ஆனால் வெளிச்சத்தை ஏற்றினால் பேட்டரி கரையும், போன் சூடாகும். கண்ணாடியே பிரதிபலிப்பைத் தடுத்துவிட்டால் அந்த அளவுக்கு ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. போன் வாங்கியதும் கடைக்காரர் கேட்காமலேயே ஒரு டெம்பர்ட் கிளாஸை எடுத்து ஒட்ட வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்பான சாதாரண கிளாஸை ஒட்டினால் அந்தக் கண்ணாடியின் அருமை அப்படியே மறைந்துபோகும், பணம் கொடுத்து வாங்கியதை நாமே மூடிவைத்த மாதிரி. அதோடு இதில் உள்ள கைரேகை சென்சார் திரைக்கு அடியில் ஒலி அலைகளால் வேலை செய்வது, கிளாஸ் தடிமனாக இருந்தால் அதுவும் தடுமாறும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபிலிமாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து வாசிப்பு. நான் இந்த போனை மனதாரப் பாராட்டுவது இதற்காகத்தான். முந்தைய எஸ்23 அல்ட்ராவில் திரையின் இரு ஓரமும் வளைந்திருக்கும், வரியின் கடைசி எழுத்து அந்த வளைவில் சரிந்து தெரியும். இதில் திரை தட்டை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கும் பழைய புத்தகங்களைத் திறந்தால், ஒரு பக்கம் முழுவதையும் இழுத்துப் பெரிதாக்காமல் படிக்க முடிகிறது. ஆனால் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும்: பெட்டியிலிருந்து எடுத்ததும் திரை எஃப்எச்டி பிளஸ் என்ற குறைந்த தெளிவில்தான் இருக்கும், டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 3120 x 1440 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தமிழில் சிறிய எழுத்தாக இருக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி, ணகர னகரச் சுழிகள், ‘ழு’வின் வளைவு எல்லாம் பிசிறில்லாமல் நிற்கின்றன. சாளேசரம் வந்தவர்களுக்கு எழுத்தளவையும் நன்றாக ஏற்றிவிடலாம், அப்போதும் திரையில் போதுமான வரிகள் மிஞ்சும். அம்மா அப்பாவுக்குப் பெரிய திரை தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

எஸ் பென் என்ற பேனா போனுக்கு உள்ளேயே செருகி வருகிறது. திரை அணைந்திருக்கும்போதே பேனாவை உருவி கருப்புத் திரையில் எழுதலாம், லாக் திறக்கத் தேவையில்லை. மளிகைப் பட்டியலோ ஆட்டோ எண்ணோ, ஃபோனில் யாராவது சொல்லச் சொல்ல எழுத இதைவிட வசதி எதுவும் நான் பார்த்ததில்லை. கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்தைச் சேர்த்துக்கொண்டால் எழுதுவதைத் தட்டச்சு எழுத்தாகவே மாற்றித் தரும், தமிழ் விசைப்பலகை பழகாத பெரியவர்களுக்கு இது நிஜமாகவே உதவும்.

சரி, குறைகள். 232 கிராம் எடை, 79 மில்லிமீட்டர் அகலம், மூலைகள் கூர்மை. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படித்தால் கொஞ்ச நேரத்திலேயே சுண்டுவிரல் வலிக்கும், சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் பயமாக இருக்கும். மூலைகளை மழுங்கலாக்கும் ஒரு கவர் போட்டால் உள்ளங்கைக்கு நல்லது. மெமரி கார்டு போட இடமில்லை. ஹெட்போன் துளை இல்லை. பெட்டியில் சார்ஜரும் இல்லை, இந்த விலையில் அதையும் தனியாக வாங்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 45 வாட்ஸ் வேகம் வேண்டுமென்றால் சார்ஜர் மட்டும் போதாது, 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். பேட்டரி 5000 எம்ஏஎச், காலையில் எடுத்தால் இரவு வரை கவலையில்லை.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 பிராசசர், 12 ஜிபி ரேம். திரையை இரண்டாகப் பிரித்து மேலே பிடிஎஃப், கீழே வாட்ஸ்அப் என்று வைத்தாலும் திணறுவதில்லை. கேம் ஆடுகிறவர்களுக்கும் தாராளம்.

கேமராவில் 200 மெகாபிக்சல் என்பதற்கு மயங்க வேண்டாம், வழக்கமாக அது பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது, அன்றாடத்துக்கு அதுதான் நல்லதும்கூட. எனக்குப் பிடித்தது 5 மடங்கு ஜூம். தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் நின்றபடி விமானத்தின் மேல்நிலைச் சிற்பங்களை எடுத்தால் முகத்தின் மூக்குவரை தெளிவாகக் கிடைக்கிறது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள், கல்லின் சொரசொரப்பே தெரியும்.

விலை, வந்தபோது 256 ஜிபிக்கு 1,29,999 ரூபாய். அந்த விலைக்கு நான் யாருக்கும் சிபாரிசு செய்திருக்க மாட்டேன். அப்புறம் விழாக்கால விற்பனைகளில் நன்றாக இறங்கியது, அப்படி இறங்கும்போது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டு அப்டேட், ஏழு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சொல்லியிருப்பதால் 2031 வரை ஓடும், பழைய மாடல் என்று தயங்கத் தேவையில்லை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எஸ்25 அல்ட்ரா 218 கிராம்தான், மூலைகளும் உருண்டை, கையில் பிடிக்க அதுதான் சுகம். ஆனால் அதன் பேனாவில் ப்ளூடூத் கிடையாது, தூரத்தில் போனை நிறுத்திவிட்டு பேனா பட்டனை அழுத்திக் குடும்பப் படம் எடுக்கும் வசதி போய்விட்டது. எடைதான் பிரச்சினை என்றால் எஸ்25 அல்ட்ரா, மற்றபடி விலை இறங்கிய எஸ்24 அல்ட்ரா போதும். வீடியோ நிறைய எடுப்பவர்கள் மட்டும் 512 ஜிபியாகப் பார்த்து வாங்குங்கள், பிறகு இடத்தைக் கூட்ட வழியில்லை.